முதல் குடம்

எங்கள் தெருவுக்கு வாழ வரும் பெண்கள் முதல் குடம் நீரை எங்கள் கிணற்றில்தான் இறைப்பார்கள். இந்தப் பாலை நகரில் வற்றாத ஒரே கிணறு என்பதால் எங்கள் குடும்பத்துக்கு அந்த மரியாதை. இன்று மாலை ஒரு மணப்பெண் வருகிறாள். நிலத்தடி நீரை ஆராயும் ரசியா காலையிலேயே வந்து, வாளித் தண்ணீரை முகர்ந்தாள்.

“குழாய்த் தண்ணியோட மருந்து வாசம் அடிக்குதே, அய்யா.”

“எங்க கிணறு வத்தினதா சரித்திரமே இல்லம்மா. அப்படியே எழுதிக்க.”

நனைந்து தோளோடு ஒட்டியிருந்த என் சட்டையை அவள் பார்த்தாள்.

“வீட்டுல வேற யாரும் இல்லையா?”

நான் தோளைத் துடைத்துக்கொண்டேன். அவள் பேனாவை மூடிவிட்டு, என் கையிலிருந்த காலிக் குடத்தைப் பிடித்தாள்.

“கிணத்துல இன்னும் எத்தனை குடம் ஊத்தணும்?”

குடத்தை நான் கொடுக்கவில்லை. அவள் கையை விலக்கவும் இல்லை.