பதினோரு நிமிடம்

பதினோரு நிமிடம்தான் ஆக வேண்டும்.

வீடியோவில் அப்படித்தான் ஆனது. இங்கே ஆபரேஷன் தியேட்டர் கதவை மூடி ஒன்றரை மணி நேரமாகிறது.

வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்று வெளியே காத்திருந்தவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆளை அல்ல, வீடியோவை.

சிரிப்பு வரவில்லை.

மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்த அன்று இந்த ஆபரேஷன் வீடியோ பார்ப்பது ஆரம்பித்தது. இருபது நாள். அவருடைய மிக்ஸி ரிப்பேர் கடையில் வேறு வேலையே ஓடவில்லை. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக வரும். குடல்வால், குடலிறக்கம், மூட்டு மாற்று. அவர் ஒரு மிக்ஸியைக் கழற்றும் நேரத்துக்குள் அவர்கள் ஒரு மனிதனைக் கழற்றி மாட்டிவிடுகிறார்கள். ரத்தம்கூட அளவாகத்தான் வந்தது.

நேற்று மனைவிக்கு எல்லாவற்றையும் விளக்கினார். வயிற்றில் நாலே நாலு துளை. உள்ளே காற்றடிப்பார்கள். கிளிப் மாட்டுவார்கள். நறுக்கி, பைக்குள் போட்டு வெளியே இழுப்பார்கள்.

"போதும்ங்க" என்றாள் செண்பகவல்லி. "விட்டா நீங்களே உள்ள எறங்கிருவீங்க போல."

காலையில் நர்சுக்கும் கொஞ்சம் பாடம் எடுத்தார்.

பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளுக்கு. அவள் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். அடுத்து உள்ளே போக வேண்டியவர் அவர்தான். வலை வைத்துத் தைத்துவிடுவார்கள், நாளைக்கே நடப்பார் என்று தைரியம் சொன்னார். அவள் அவரை டாக்டருக்குச் சொந்தம் என்றே நினைத்துவிட்டாள்.

"இப்ப உள்ள என்ன நடக்கும் அண்ணாச்சி?" என்று அடிக்கடி கேட்டாள்.

ஒரு மணி நேரம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவரிடம் வீடியோ இல்லை.

கதவு திறந்தது. அதே நர்ஸ். கையில் ஒரு தாள்.

"சார், உள்ள எல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. துளை வழியா எடுக்க முடியலை. வயித்தைத் திறந்துதான் செய்யணும்னு டாக்டர் சொல்றாங்க. கையெழுத்துப் போடணும்."

தாளை நீட்டியவள், "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கு அவசரம்.

அப்படி ஒரு வீடியோ இருந்தது. 'துளைவழி முடியாதபோது' என்று தலைப்பு. இருபது நாளும் பட்டியலில் கீழேயே கிடந்தது. இருபது நாளும் அதை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தார்.

"தெரியாது சிஸ்டர்" என்றார். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க சொல்லுங்க."

நர்ஸ் சொன்னாள்.



தாளைத் தொடைமேல் வைத்தார். பேனா காகிதத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போனது.

பக்கத்து அம்மாள் தன் வீட்டுக்காரரின் ஸ்கேன் கவரை எடுத்தாள். தாளுக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.