மேட்டுக் காவல்

சுரங்கம் தோண்டி மூடிய மேட்டில் காரை, சூரை என்ற முட்செடிகளை நட்டார்கள். அவை காய்த்ததும், பறவைகள் பழத்தைத் தின்றுவிடக்கூடாது என்று ஒரு வைக்கோல் பொம்மையைக் காவலுக்கு நிறுத்தினார்கள்.

சின்னான் குருவி பழத்தைத் தின்றுவிட்டு நேராகப் பொம்மையின் கையில் வந்து உட்கார்ந்தது.

"இறங்குடா! யாராவது பாத்தா என்னைக் கொளுத்திடுவாங்க."

"இந்த மொட்டை மேட்டுல வேற எங்கேண்ணே உட்காருறது?" என்றபடி சின்னான் எச்சமிட்டது. விதையும் சேர்ந்து விழுந்தது. தினமும் இதே கதைதான்.

இரண்டு மழைக்காலம் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். வரிசையாக நட்டவற்றில் பாதி பட்டுப்போயிருந்தன. பொம்மையின் காலடியில் மட்டும் இடுப்பளவு புதர். இன்றைக்குக் கொளுத்திவிடுவார்கள் என்றே பொம்மை நினைத்தது.

"பாத்தீங்களா, காவல் இருந்த இடத்துலதான் செடி தழைச்சிருக்கு," என்றார் பெரிய அதிகாரி. "இன்னும் நூறு பொம்மை நிறுத்துங்க."

அவர்கள் போனதும் சின்னான் சொன்னது: "நல்லதாப் போச்சுண்ணே. எங்க சொந்தக்காரங்க உட்கார இடமில்லாம அல்லாடிக்கிட்டு இருந்தாங்க."