முன்கால் குட்டையான நாற்காலி

தகரக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கும் வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. அந்த வெளிச்சத்தில் கையில்லாத நாற்காலிகள் இரண்டு நிற்கின்றன. ஒன்று வாங்குபவர் மாதிரிக்காகக் கடல் கடந்து அனுப்பியது. அதன் முன்கால்கள் பின்கால்களைவிட இரண்டு விரற்கடை குட்டை. மற்றொன்று அதைப் பார்த்துத் தச்சர் செய்தது. நான்கு கால்களும் சமம். இனி முந்நூறு நாற்காலிக்கு மரம் அறுக்க வேண்டும். "பாவம், அளவு தப்பிடுச்சு போல. மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது? சத்தமில்லாம நாமளே சரி பண்ணிக் குடுத்துடலாம்" என்கிறார் தச்சர். மரியாதை முற்றினால் இப்படித்தான். பட்டறையின் கடிதங்களைக் கவனிக்கும் மருமகள் விடுவதாக இல்லை. "ஒரு வார்த்தை கேட்டுடுவோம் மாமா" என்று ரம்பத்தை நிறுத்தச் சொல்கிறாள். போனில் இரண்டையும் காட்டி, வாங்குபவரின் மொழியில் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். திரையில் அந்த மனிதர் நெற்றியில் கை வைக்கிறார். பிறகு அதே கையை நெஞ்சில் வைக்கிறார். "தப்பில்லையாம் மாமா. முட்டி வலிக்காரங்க சுலபமா எழுந்திரிக்கத்தான் முன்பக்கம் சாய்வாம். போன தடவை வேற பட்டறையில கேட்காமலே எல்லாத்தையும் சமமாக்கி அனுப்பிட்டாங்களாம். கேட்டதுக்கு நன்றி சொல்லிட்டே இருக்கார்." தச்சர் மாதிரி நாற்காலியில் உட்கார்கிறார். எழும்போது வழக்கம்போல மேசையைப் பிடிக்கப் போன கை பாதியிலேயே நிற்கிறது, பிடிக்காமலே எழுந்துவிட்டார். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுகிறார். "நானும் நன்றி சொன்னேன்னு சொல்லும்மா" என்கிறார், முட்டியைத் தடவிக்கொண்டே. "முந்நூத்தி ஒண்ணா அறுக்கப் போறேன்னும் சொல்லிடு."