பன்னிரண்டாவது படிவம்

15.02.2025, சனி

ஒரு சிறிய தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாவது படிவத்தை யாரிடமும் கேட்காமல் நானே நிரப்பினேன்.

தர்மபுரி பேருந்து நிலையத்தில், வண்டி புறப்படுவதற்குள்.

குழந்தைத் திருமணம் பற்றிய ஆய்வு. பன்னிரண்டு பெண்கள் வேண்டும். பதினொருவர்தான் பேசினார்கள். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் அக்காவைப் போட்டேன். அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாததா?

வயது 25. திருமணத்தின்போது வயது 18. மூத்த குழந்தை, ஆண், வயது 9.

பேனா எங்கும் நிற்கவில்லை. வீட்டில் எப்போதும் சொல்வது அதுதான். பதினெட்டு முடிந்துதான் கொடுத்தோம் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இன்று மாலை வகுப்பு தொடங்குவதற்கு முன் தமயந்தி மேடம் ஆய்வேட்டைத் திருப்பித் தந்தார். அட்டவணைகள் சுத்தமாக இருக்கின்றன என்றார். ஒரே வரிசையில் மூன்று எண்களைச் சுற்றி மட்டும் பென்சில் வட்டம்.

25. 18. 9.

கூட்டலில் எங்கேயோ பிசகியிருக்கிறது, திருத்தித் திங்கட்கிழமை கொடு என்றார்.

கூட்டலில் நான் பிசகுவதில்லை. பகலெல்லாம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டு எழுதிக் குழாயில் ஒட்டுவதுதான் வேலை.

மாடிப்படியில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள்.

அவள் கல்யாணத்தன்று நான் ஆறாம் வகுப்பு. பதினொரு வயது. பச்சைப் பட்டுப்பாவாடை. பந்தியில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

அந்த ஜூன் மாதம் அக்காவின் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தது நான். பெயர்ச்சீட்டு ஒட்டியதும் நான். வகுப்பு 10 என்று எழுதியது என் கை.

தையில் கல்யாணம்.

முன்பின் தெரியாத பதினொரு பெண்களுக்கு இந்தக் கழித்தலைச் செய்திருக்கிறேன். பத்து வருடமாக அக்காவுக்குச் செய்யவில்லை.

அவளைப் போனில் அழைத்தேன்.

"என்ன ஆபீசரம்மா, எங்க ஞாபகமெல்லாம்கூட வருதா?"

படிவத்தில் உள்ளபடி முதலிலிருந்து கேட்டேன். பெயர் கேட்டதும் சிரித்தாள். படிப்பு கேட்டதற்குப் பத்தாவது, பரீட்சை எழுதவில்லை என்றாள். அரையாண்டில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அடுத்து, நான்காவது கேள்வி: திருமணத்தின்போது வயது.

மகனை வெளியே போய் விளையாடச் சொன்னாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பதினெட்டுனே போட்டுக்க பாப்பா. நான் அதான் சொல்லுவேன். வேற பதில் வேணும்னா என்னைய எதுக்குக் கேக்குற?"

குரலில் கோபமில்லை. அலுப்பு மாதிரி இருந்தது. பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். வைத்துவிட்டாள்.

மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போகவில்லை.

நூலகத்தில் பதினொரு படிவங்களையும் மேசையில் பரப்பினேன். பதில்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் படித்தேன். எந்த வயதில் திருமணம். எந்த வகுப்பில் படிப்பு நின்றது. எப்போது முதல் பிரசவம்.

பதினாறு கேள்விகள். பதினாறும் கட்டிக்கொடுக்கப்பட்டவர்களிடம்.

கட்டிக்கொடுத்தவர்களிடம் ஒன்றுகூட இல்லை.

மூன்று வீடுகளில் பெண்ணைப் பார்க்க அவள் தகப்பனார் வந்திருந்தார். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டவரே அவர்தான். நன்றி ஐயா என்று சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பிக்கொண்டேன். இது எப்படி எனக்கு உறைக்காமல் போனது என்று தெரியவில்லை. ஒருவேளை ஆய்வு செய்யவே எனக்குத் தகுதி இல்லையோ என்னவோ.

பன்னிரண்டாவது படிவத்தில் குறுக்குக் கோடு போட்டேன். மேடத்திடம் உள்ளதைச் சொல்லிவிடலாம். அக்காவின் வயதை ஆய்வில் நான் எழுதப் போவதில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் புதிதாக ஒரு படிவம் எழுதினேன். பெற்றோருக்கானது. ஐந்து கேள்விகள்.

மூன்றாவதை நான்கு முறை அடித்து எழுதினேன். 'ஏன்' என்று தொடங்கினால் குற்றம் சாட்டுவது போல் இருந்தது. 'தெரியுமா' என்று முடித்தால் தெரியாது என்று சொல்லிவிடலாம்.

கடைசியில் இப்படி வந்தது:

திருமணத்தை முடிவு செய்த நாளில் உங்கள் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

அப்பா எழுந்து போய்விடலாம். மாலை வகுப்பு போதும் என்று சொல்லிவிடலாம். இன்னும் ஒரு பருவம் மிச்சமிருக்கிறது. எனக்கு வந்த இரண்டு ஜாதகங்களைப் படிப்பு முடியட்டும் என்று திருப்பி அனுப்பியவர் அவர்தான். மூன்றாவது வந்தால் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம்.

இதை நான் கேட்கலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். வேறு யார் கேட்பார்கள் என்றும் யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

தாளை இரண்டு நகல் எடுத்துக்கொண்டேன்.

நாளை, ஞாயிறு. காலை ஏழு மணி, அப்பா வெளியே கிளம்பும் முன். பெற்றோர் படிவம், எண் 1. அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். நடுவில் பேசக் கூடாது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது.