கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை

“கேக்கல!”

கடைசி பெஞ்சுப் பக்கமிருந்து வந்த சத்தத்தில் செமினார் ஹாலே சிரித்தது. பெண்குரலில் கத்துவதில் கலியமூர்த்தியை மிஞ்ச ஆளில்லை என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

மேடையில் சௌந்தரம் நின்றாள். கையில் கடலூர் மீன் சந்தையைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், சிதம்பரத்தில் எங்கள் பல்கலைக்கழகத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டுரையைப் பெண்கள் எழுதலாம். மேடையேறி வாசிப்பவர் விரிவுரையாளர் வைத்திலிங்கம். எழுதியவள் முன்வரிசையில் உட்கார்ந்து, கைதட்டலையும் அவரே வாங்கிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். பெண்குரல் கடைசி பெஞ்சுவரை எட்டாதாம்.

முடியாது என்று சொன்ன முதல் ஆள் சௌந்தரம்தான். பேசிப் பார், கேட்கவில்லை என்று யாராவது இரண்டு தடவை சொன்னால் வைத்திலிங்கம்தான் வாசிப்பார் என்றார் துறைத்தலைவர், பெரிய மனது பண்ணி.

அடுத்த கட்டுரை என்னுடையது. அவள் தோற்றால் இந்த அமீருன்னிசாவுக்கும் அதே கதிதான்.

கடலூரில், தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரண்டு பேரும் தொண்டை கட்டும்வரை பேசிப் பழகியிருந்தோம். தாளைப் பார்க்கக் கூடாது. அவசரப்படக் கூடாது. வாக்கியம் முடிகிற இடத்தில் அவளுக்குக் குரல் இறங்கிவிடும். அந்த இடத்தை மட்டும் அலைச்சத்தத்துக்கு மேலே கத்தச் சொல்வேன்.

ஆனால் கடல் வேறு, பேராசிரியர்கள் வேறு. இரண்டாவது வாக்கியத்தின் முடிவில் மறுபடி குரல் இறங்கியது.

“கேக்கல!”

படுபாவி கலியமூர்த்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

வைத்திலிங்கம் சார் எழுந்து, கட்டுரைக்காகக் கையை நீட்டினார்.

சௌந்தரம் கொடுக்கவில்லை. “கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும், அவ்ளோதான சார்?”

இறங்கினாள். எங்களைத் தாண்டி விடுவிடுவென்று பின்னால் நடந்தாள். கலியமூர்த்தி கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்வாசலை ஒட்டி நின்று, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இங்கிலீஷில், கணீரென்று.

பேராசிரியர்களுக்கே முதுகு! அந்தத் திமிர் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தலைவர் முணுமுணுத்தபடி நாற்காலியைத் திருப்பினார். முன்வரிசை மொத்தமும் திரும்பியது. அவள் அந்தப் பக்கம் பார்த்துப் பேசியும், எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. எந்த வாக்கியமும் கடைசியில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கத்தவும் இல்லை.

அவள் முடித்ததும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வைத்திலிங்கம் சார் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மேடைக்குப் போகுமுன் ஓடிப்போய் சௌந்தரத்தைக் கட்டிக்கொண்டேன். அப்படியே கலியமூர்த்தியை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திரும்பினேன்.

“நான் வாயே தொறக்கலங்க” என்று அவன் வாசலுக்கு வெளியே காட்டினான்.

வராந்தாவில், காலி மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள் இருசம்மாள். கடலூரிலிருந்து காலை ரயிலில் மீன் கொண்டுவந்து சிதம்பரத்தில் தெருத்தெருவாக விற்பவள். சௌந்தரத்தின் அம்மா.

உள்ளே வராமல், அங்கிருந்தபடியே துறைத்தலைவரைப் பார்த்துக் கேட்டாள். ஹால் முழுக்கக் கேட்டது.

“இங்கிலீசு புரியாட்டிப் போவுது சாமி. எம் பொண்ணு கொரலாச்சும் எனக்குக் கேக்க வேணாமா?”