ஆட்டுக் கண்ணுக்கு மார்க்

"திபேனேயை மாத்திடு, ஃபிலிப்பா. வேற ஆளைப் போடு. இல்லேன்னா உன் மருந்து இந்த ஜென்மத்துல ஜெயிக்காது."

கால்நடை மருத்துவர் ஃபெர்கஸ் கையிலிருந்த தாளை மேஜைமேல் போட்டார். வயசு எழுபத்து நாலு. கோபம் மட்டும் இன்னும் முப்பதிலேயே நிற்கிறது.

எங்கள் காண்டர்பரி ஆராய்ச்சிப் பண்ணையில் நாற்பது ஆட்டுக்குட்டிகள். கண்ணில் புரை விழுகிற வம்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணில் மட்டும், ஆராய்ச்சியை நடத்தும் ஃபிலிப்பா கண்டுபிடித்த சொட்டு மருந்து, காலையும் மாலையும். விடுவது மேய்ப்பன் திபேனே. எந்தக் கண்ணில் விட்டான் என்பது ஃபெர்கஸுக்குத் தெரியக்கூடாது. அவர் விளக்கு அடித்துப் பார்த்து ஒவ்வொரு கண்ணுக்கும் மார்க் போடுவார். தெளிவாக இருந்தால் பூஜ்யம், முழுக்க வெள்ளையென்றால் ஆறு.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. தாள் முழுக்க மூணு, மூணு, மூணு. மருந்து விட்ட கண்ணுக்கும் மூணு, விடாத கண்ணுக்கும் மூணு.

"என் மருந்துலயே கோளாறு இருக்கலாமே?" என்றாள் ஃபிலிப்பா.

"இருக்காது. அது என்ன பண்ணும்னு நீதானே எனக்கு வகுப்பு எடுத்தே?"

"லென்ஸ் உருவாகறப்போ புரதத்தை வெட்டிச் சீராக்க ஒரு நொதி வேணும். வேலை முடிஞ்சா அது அடங்கணும். இந்தக் குட்டிகளுக்கு அடங்க மாட்டேங்குது. கம்பளி தீர்ந்த பிறகும் கத்தரியை ஓட்டுறவன் மாதிரி நல்ல புரதத்தையும் வெட்டுது, லென்ஸ் கலங்குது. மருந்து அவன் கையைப் பிடிச்சு நிறுத்தணும்."

"நிறுத்தலையே. அப்போ கண்ணுக்குள்ள மருந்து போகலைன்னு அர்த்தம். அவன் புல்லுக்கு விட்டிருப்பான். போய்ப் பாரு, புல்லுக்கெல்லாம் கண்ணு பளிச்சுன்னு தெரியும்."

ஃபிலிப்பா திபேனேயைக் கூப்பிட்டாள். ஊர் ரக்பி அணியில் முன்வரிசைக்காரன். கதவில் குனிந்துதான் உள்ளே வந்தான்.

"தினமும் மருந்து விடறீங்களா?"

"விடறேன், பாஸ்."

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையும்."

"அப்போ ஏன் எல்லாமே மூணு?"

திபேனே தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பார்த்தியா? கேட்டா தரையைப் பார்க்கிறான்," என்றார் ஃபெர்கஸ்.

ஃபிலிப்பாவுக்கும் சந்தேகம் விழுந்துவிட்டது. "நாளைக்குக் காலைல மறுபடி பரிசோதனை. நானே கூட நிக்கப் போறேன். அதுக்கப்புறம் உங்க வேலையைப் பத்திப் பேசுவோம்."

அதைக் கேட்டதும் அவன் முகம் செத்துவிட்டது.

"நாளைக்கு வேண்டாமே, பாஸ். காத்து ஜாஸ்தியா இருக்கும்."

"கொட்டகைக்குள்ள என்ன காத்து?"

"ஆள் கூடினா குட்டிங்க மிரளும்."

"அஞ்சு மாசமா மிரளாத குட்டியா?"

திபேனேவுக்கு மூன்று பிள்ளைகள். இருப்பது பண்ணை கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்டவன் ஒழுங்காக இருந்திருக்க வேண்டாமா என்று எங்களுக்கெல்லாம் கோபம்தான் வந்தது.

மறுநாள் ஃபெர்கஸ் வருவதற்கு முன்பே ஃபிலிப்பா ஒரு காரியம் செய்தாள். பக்கத்துக் கொட்டகையில் புரையே வராத வம்சத்துக் குட்டிகள் இருந்தன. அதில் நாலைப் பிடித்து, விளக்கு அடித்துப் பார்த்து, எட்டுக் கண்ணும் சுத்தம் என்று உறுதி செய்துகொண்டு வரிசையின் முன்னால் நிறுத்தினாள். நல்ல கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அவளுக்கு எதிலும் நிம்மதி வராது.

திபேனே அதைக் கவனித்துவிட்டான். ஃபெர்கஸ் உள்ளே வந்ததுமே குறுக்கே போய் நின்றான்.

"டாக்டர், முதல்ல டீ குடிக்கலாமே. சீஸ் ரோல் சூடா இருக்கு."

"உன் தந்திரமெல்லாம் எங்கிட்ட வேண்டாம். பிடி குட்டியை."

பிடித்தான். ஃபெர்கஸ் விளக்கை அடித்தார்.

"வலது மூணு. இடது மூணு. பாவம், ரெண்டும் கலங்கிப் போச்சு."

அது பக்கத்துக் கொட்டகைக் குட்டி. அடுத்ததும் அங்கிருந்து வந்ததுதான். அதற்கும் மூணு, மூணு.

ஃபிலிப்பா எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் கையிலிருந்த விளக்கை மெதுவாக வாங்கினாள்.

"டாக்டர், தொப்பியைக் கழட்டிட்டு அந்தக் கம்பளி மூட்டைமேல உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்க, சொல்றேன்."

அவர் கண்ணில் விளக்கை அடித்தாள். கொட்டகையில் ஒரு குட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"வலது மூணு," என்றாள். "இடது நாலு."

ஃபிலிப்பா ஓடிப்போய் ஒரு புரைக் குட்டியை இழுத்து வந்து தானே பார்த்தாள். மருந்து விட்ட கண் ஒண்ணு. விடாத கண் நாலு. இன்னொரு குட்டியைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். அங்கேயே நின்று சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அரை மணி நேர ஆபரேஷன், டாக்டர். முடிச்சிட்டு வந்து நாற்பதுக்கும் மறுபடி மார்க் போடுங்க. உங்க இடம் அப்படியே இருக்கும்."

ஃபெர்கஸ் மூட்டையிலிருந்து எழவில்லை. தொப்பியைக் கையில் சுழற்றியபடி திபேனேயை நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்துலயே நிக்கிறவன் நீ. உனக்குக்கூடத் தெரியலையாடா?"

"மூணு மாசமாத் தெரியும், டாக்டர். நீங்க குட்டியோட காதுல விளக்கு அடிச்சு மூணு மார்க் போட்டீங்களே, அன்னிக்கே."

"நேத்து உன் வேலைக்கே உலை வெச்சேனே. அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

திபேனே பிடித்திருந்த குட்டியை விட்டான்.

"எனக்கு எப்படியும் இன்னொரு பண்ணை கிடைக்கும், டாக்டர். இந்த வயசுல உங்களை யார் கூப்பிடுவாங்க?"