அந்தோணியின் மந்திரப் புத்தகம்

13 ஆகஸ்ட் 1931, வியாழன். திங்களன்று செய்த சிறு தவறை முதலில் எழுதிவிடுகிறேன். மேஸ்திரி ஊறவைக்கச் சொன்னதை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மாலை வகுப்புக் கணக்கில் மூழ்கி, எடுக்க மறந்துவிட்டேன். ஓரங்கள் கருத்துப்போயின. மேஸ்திரி துரைசாமி திட்டவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

இன்று காலை ஆம்பூர்த் தோல் பட்டறை முற்றத்தில் கூட்டம். சனிக்கிழமை, தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் விழுந்து இறந்த அந்தோணிக்காக வேலூரிலிருந்து விசாரணை அதிகாரி வந்திருந்தார். அந்தோணியின் மனைவி சவுரியம்மாள் அவர் முன்னால் நின்றாள்.

"குழி மேல போட்ட பலகை ஒடிஞ்சுதான் சாமி உள்ள போனாரு. பக்கத்துக் குழியிலயும் அதே உளுத்த பலகைதான். அதுமேல இப்ப என் தம்பி சூசை நிக்கிறான். மாத்தச் சொல்லி எழுதுங்க."

"பலகை ஒடிஞ்சது மெய்தான்" என்றார் மேஸ்திரி. "ஏன் ஒடிஞ்சதுன்னு கேளுங்க." துணியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார். "அந்தோணி கோணிப்பைக்குள்ள இருந்துச்சு."

பிரித்தால் ஒரு புத்தகம். பழுப்பேறிய தாள், நெருப்பில் வாட்டியது போன்ற ஓரம், பக்கமெல்லாம் சக்கரங்களும் முக்கோணங்களும். அதிலிருந்து பட்டை வாடை வந்தது. பட்டறையில் எதை எடுத்தாலும் அந்த வாடைதான் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

"தொடாதீங்க சார், பேஜாராயிடும்" என்று பின்னால் நகர்ந்தார் வண்டிக்கார அப்துல் ஹமீத்.

அதிகாரிக்குக் கண் விரிந்தது. "வேலூர் லாங் பஜார்ல பழைய புத்தகத்துக்காக எவ்வளவோ அலைஞ்சிருக்கேன். இப்படி ஒண்ணு கிடைச்சதில்ல. நூறு வருஷமாவது இருக்கும்." மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்தார்: "முறை அறியாது திறப்பவன் வெள்ளை நீரில் மாள்வான்."

எல்லோர் கண்ணும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் போயிற்று. சூசையும் அக்காளைவிட்டு ஓரடி தள்ளி நின்றான்.

"அவருக்கு எழுத்தே தெரியாது சாமி!" என்று கத்தினாள் சவுரியம்மாள். சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீ படிக்கிற புள்ளையாச்சே தம்பி, சொல்லு. உன்கிட்டதானே கடுதாசி படிக்கக் குடுப்பாரு."

மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"தெரியாது. அவர் கைநாட்டுதான்" என்றேன். அது உண்மை.

"பாத்தீங்களா?" என்றார் மேஸ்திரி. "முறை தெரியாம தொறந்திருக்கான். அடிச்சிடுச்சு."

"அடப் பாவிங்களா!" என்றாள் சவுரியம்மாள். கேட்பதற்கு யாரும் அருகில் இல்லை.

மாந்திரீகப் பழக்கத்தால் சித்தம் கலங்கிக் குழியில் குதித்தான் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பலகையைப் பற்றி எழுதவில்லை. போகும்போது புத்தகத்தைத் தம் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வண்டி தெரு திரும்பியதும் மேஸ்திரி என் தோளில் தட்டினார்.

"ஓரம் கருத்தது நல்லதாப் போச்சுடா. இன்னொண்ணு பண்ணி வை."

போன முறை தாளை ஊறவைத்துச் சக்கரம் வரைந்து எழுதச் சொன்னபோது, நாடகக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள் என்று சொல்லியிருந்தார். இந்த முறையும் அப்படி ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று, "எதுக்கு மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"பக்கத்துக் குழி பலகைய இன்னும் மாத்தலையேடா."

நாளை வெள்ளி, பட்டறை விடுமுறை. காலையில் புதுத் தாள் ஊறப்போட வேண்டும்.